எபாக்சியைக் குறை சொல்லாதீர்கள்

"எபாக்சி போட்டேன், நிக்கலப்பா" என்று யாராவது வந்து சொன்னால், எந்தக் கம்பெனிப் பசை என்று நான் கேட்பதில்லை. ஒட்டுவதற்கு முன்னால் அந்த இடத்தை எதைக் கொண்டு துடைத்தீர்கள் என்றுதான் கேட்பேன். பாதிப் பேர் மண்ணெண்ணெய் என்பார்கள். மீதிப் பேர் லுங்கி முனையால் துடைத்ததாகச் சொல்வார்கள். காரணம் அங்கேயே தெரிந்துவிடும். நம் கரையில் படகு ஓட்டையை அடைக்கும் வேலையில் முக்கால்வாசி, பசை டப்பாவைத் திறப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கழுவுவது, காய வைப்பது, தேய்ப்பது. இந்த மூன்றையும் அவசரப்படாமல் செய்தால் சாதாரணப் பசையும் நிற்கும்.

நான் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். எபாக்சி என்பது இரண்டு பகுதிப் பசை: ரெசின் என்ற பிசினும், அதை இறுக வைக்கும் ஹார்ட்னரும். இரண்டும் தினமும் புழங்குகிற சமாச்சாரம். என் தாய்மாமா சென்னை காசிமேட்டில் ஃபைபர் படகு வேலை செய்கிறவர். லீவு நாட்களில் அவரோடு போய் தேய்க்கும் கிரைண்டர் பிடிப்பேன், மேட் (கண்ணாடி இழை விரிப்பு) வெட்டிக் கொடுப்பேன். வேலையில் கற்றதும் கரையில் பார்த்ததும் சேர்ந்ததுதான் இந்தப் பதிவு. படகு வைத்திருப்பவர்களுக்கும், இந்த வேலையைக் கற்றுக்கொள்கிற தம்பிகளுக்கும் உதவட்டும்.

முதலில் படகு. நாம் ஃபைபர் என்று சொல்வது கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் ரெசினும் சேர்ந்தது. அச்சுக்குள் முதலில் ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சை அடிப்பார்கள். அது அரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். அதன்மேல் ரெசினில் ஊறிய மேட் அடுக்கடுக்காக ஏறும். 1979-ல் தொடங்கி, இதே சென்னையில் அலுவலகம் வைத்து நடந்த வங்காள விரிகுடாத் திட்டம் என்ற மீன்வளத் திட்டம், அலையைத் தாண்டிக் கரையேறும் படகுகளை 80-களிலேயே சோதித்துப் பார்த்தது. ஆனால் கட்டுமரத்தின் இடத்தை ஃபைபர் வேகமாகப் பிடித்தது 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகுதான். நிவாரணமாக வந்த படகுகளில், அவசரத்தில் மேட்டைக் குறைத்துச் செய்தவையும் இருந்தன. அவற்றின் அடியில் கை வைத்து அழுத்தினாலே உள்ளே போகும்.

அடிபடுவதற்கு நம் பக்கத்தில் காரணம் நிறைய. துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்ட பிறகு தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது, வடக்கே ராயபுரம் தொடங்கிக் கடல் கரையைத் தின்றது. தடுப்பதற்குக் கருங்கல் கொட்டினார்கள், தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) போட்டார்கள். மணலில் ஏறி இறங்கப் பழகிய படகு இப்போது கல்லை ஒட்டி நிற்கிறது. அப்புறம் வெள்ளம். 2015-லும் 2023-லும் மீனவர்கள் படகுகளை ஊருக்குள் கொண்டுபோய் ஆட்களை மீட்டார்கள். தண்ணீருக்கு அடியில் காம்பவுண்டு சுவர் இருக்கும், கேட்டின் கூர்முனை இருக்கும், சாய்ந்து கிடக்கும் பைக் இருக்கும். அப்படிக் கிழிபட்டு வந்த படகுகளுக்கு மாமா கூலி வாங்க மாட்டார். மேட்டுக்கும் ரெசினுக்கும் மட்டும் காசு.

விரிசல் என்று வந்ததுமே பதற வேண்டாம். சிலந்தி வலைபோல மெல்லிய கோடுகளாகத் தெரிந்தால் அநேகமாக ஜெல்கோட் மட்டும் வெடித்திருக்கும். இருட்டிய பிறகு ஒருவர் உள்ளேயிருந்து டார்ச் அடிக்க, இன்னொருவர் வெளியே நின்று பார்க்கலாம். பெயிண்ட் கனமாக இல்லாத இடத்தில், மேட் வரைக்கும் போன விரிசல் தனியாக வெளிச்சம் காட்டும். ஒரு ரூபாய் நாணயத்தால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கணீரென்று கேட்கும். அடுக்குகள் பிரிந்த இடத்தில் சத்தம் செத்துப்போயிருக்கும். செத்த சத்தம் எதுவரை போகிறதோ அதுவரை பென்சிலால் கோடு போடுங்கள். வேலை அந்தக் கோடு வரைக்கும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற விரிசல் அதில் ஒரு பங்குதான்.

இப்போது கழுவுவதற்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது எல்லோருக்கும் நினைவிருக்கும். வாளியில் அள்ளினோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் இறங்கி, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றிலும் முகத்துவாரத்திலும் படிந்தது. படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாம் கறுப்பு. அதற்கு அடுத்த மாதங்களில் எண்ணூர்க் குப்பங்களில் நாங்கள் பார்த்த படகுகளில், விரிசலை அடைப்பதைவிட விரிசலுக்குள் போன எண்ணெயை எடுப்பதுதான் பெரிய பாடாக இருந்தது.

ஏனென்றால் ஜெல்கோட் உடைந்த இடத்தில் கண்ணாடி இழையின் முனை வெளியே தெரியும். எண்ணெய் அந்த இழை வழியே உள்ளுக்குள் ஊர்ந்து போகும், விளக்குத் திரியில் ஏறுவது மாதிரி. மேலே துடைத்தால் சுத்தமாகத் தெரியும். கிரைண்டரை வைத்ததும் உள்ளேயிருந்து தார் வாசம் கிளம்பும். வெள்ளையாகப் பறக்க வேண்டிய தூசி பழுப்பாக உருண்டு விழும், வட்டில் பிசுபிசுவென்று ஒட்டி அதன் சொரசொரப்பையே மூடிவிடும். கையால் தொட்டால் விரலில் கோடு விழும். அப்படி இருக்கும்போது எந்தப் பசையும் வேண்டாம், நிறுத்திவிட வேண்டியதுதான்.

அங்கே ஒரு படகுக்காரர் மாமாவிடம் கெஞ்சுகிற மாதிரி சொன்னார். "ஆத்துல எறங்கியே ரொம்ப நாளாச்சுண்ணா. இன்னிக்கு ஒட்டிக் குடுத்துடு, காலைல வலைய எடுத்துனு போயிடறேன்."

"இன்னிக்குக் கழுவத்தான் முடியும்ப்பா" என்றார் மாமா. "ஒட்டிக் குடுத்துடுவேன், நீ நடு ஆத்துல நிப்ப. எனக்கு அது வாணாம்."

அவர் சொன்னது கடுமையாகத் தெரியலாம். ஆனால் அந்தப் படகில் அவர் தண்ணீரும் பிரஷ்ஷுமாகவே அன்று பொழுதைப் போக்கினார், காசு பேசவில்லை.

முறை இதுதான். தேய்ப்பதற்கு முன்பே கழுவ வேண்டும். முதலில் உப்புத்தாள் போட்டால், மேலே இருக்கிற எண்ணெயைக் கீறல்களுக்குள் நாமே அழுத்தி இறக்கியதாக ஆகிவிடும். தடித்த தார் இருந்தால் மழுங்கிய கத்தியால் சுரண்டி எடுங்கள். மண்ணெண்ணெயும் டீசலும் தாரைக் கரைக்கும், சரி. ஆனால் அவையும் எண்ணெய்தான். காய்ந்தது போலத் தெரிந்தாலும் மெல்லிய படலத்தை விட்டுவிட்டுத்தான் போகும். அவற்றைத் தொட்டிருந்தால் அதற்குப் பிறகு சோப்புத் தூளும் வெந்நீரும் போட்டு பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்தே ஆக வேண்டும். பிறகு நல்ல தண்ணீரில் அலசுங்கள், உப்பும் போக வேண்டும். கடல் தண்ணீரில் அலசிவிட்டுக் காய வைத்தால் உப்புப் படலத்தின் மேல் ஒட்டியதாகிவிடும். கடைசியாக அசிட்டோன். இரண்டு வெள்ளைத் துணி வேண்டும். ஒன்றை நனைத்துத் துடைத்து, அது காய்வதற்குள் இன்னொரு காய்ந்த துணியால் எடுக்க வேண்டும். ஒரே துணியாலேயே தேய்த்துக்கொண்டிருந்தால் அழுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது. துணி வெள்ளையாகவே திரும்பி வருகிறவரை செய்ய வேண்டும்.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு கை நல்ல தண்ணீர் தெளித்தால் போதும். படலமாகப் பரவி நின்றால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, திரும்பவும் சோப்பிலிருந்து தொடங்குங்கள்.

அடுத்தது ஈரம். இது கடலோரம், ராத்திரி பனி இறங்கும். தொட்டால் காய்ந்ததாகத் தெரியும் மேட்டுக்குள் தண்ணீர் நிற்கும். தேய்த்த இடத்தின்மேல் ஒரு பாலித்தீன் துண்டை வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி வெயிலில் விடுங்கள். உள்பக்கம் துளித் துளியாக வியர்த்தால் இன்னும் காயவில்லை. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. காசிமேட்டில் பழுது வேலை குவிவது அந்தக் காலத்தில்தான். காய்வதற்கு அதைவிட நல்ல வெயில் கிடைக்காது. ஆனால் அதே வெயில் பசைக்கு எதிரி, அதற்கு வருகிறேன்.

பாலியெஸ்டரே மலிவாகக் கிடைக்கும்போது எபாக்சி எதற்கு என்று கேட்பார்கள். புதுப் படகு செய்யும்போது ஒரு அடுக்கு முழுசாக இறுகுவதற்குள் அடுத்தது ஏறிவிடும், இரண்டும் கலந்து ஒன்றாகிவிடும். பழைய படகில் அந்த ரெசின் எப்போதோ இறுகி முடிந்துவிட்டது. அதன்மேல் போடுகிற புது பாலியெஸ்டர் சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். எபாக்சியின் பிடிப்பு அதைவிட நல்ல பலம், இறுகும்போது சுருங்குவதும் குறைவு. தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே நான் எபாக்சியைத்தான் சொல்வேன். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. பாலியெஸ்டர்மேல் எபாக்சி நன்றாக ஒட்டும். இறுகிய எபாக்சிமேல் பாலியெஸ்டர் அவ்வளவாக ஒட்டாது. அதனால் எபாக்சி போட்ட இடத்தைப் படகின் உள்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் எழுதி வையுங்கள். அடுத்த முறை வேறு யாராவது வேலை செய்தால் தெரியட்டும்.

ஃபைபர் வேலையில் பழகிய கைகளுக்கு எபாக்சியில் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். பாலியெஸ்டரில் அதை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் ஒன்றிரண்டு சதவீதம்தான். கொஞ்சம் கூட்டினால் சீக்கிரம் இறுகும். எபாக்சியில் ஹார்ட்னர் என்பது ரெசினோடு சேர்ந்து பொருளாகவே மாறுகிற பங்கு. கூடப் போட்டால் வேகமாகாது. மிச்சமான ஹார்ட்னர் உள்ளேயே தங்கி, ஒட்டு ரப்பர்போலக் கிடக்கும். அரால்டைட்டின் வழக்கமான இரண்டு டியூப் என்றால் அளவில் சமம். பாரிமுனைத் தெருக்களில் கிடைக்கும் அடுக்கு வேலைக்கான எல்ஒய் 556 ரெசினுக்கு எச்ஒய் 951 ஹார்ட்னர் எடையில் 100-க்கு 10. இதைக் கண்ணால் ஊற்றக் கூடாது. நகைக்கடைக்காரர் மாதிரி சின்ன மின் தராசு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வீட்டுச் சாமான்களுக்குச் சரி, தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் இடத்துக்கு வேண்டாம்.

கலக்கும்போது ஐஸ்கிரீம் குச்சியை அடியையும் சுவரையும் சுரண்டிச் சுரண்டி ஓட்டுங்கள். முதலில் எண்ணெயும் தண்ணீரும் போலக் கோடு கோடாகத் தெரியும். பிறகு மங்கலாகும். அந்தக் கோடுகள் மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் கலக்க வேண்டும். கப்பின் மூலையில் கலக்காமல் தங்கிய ஒரு சொட்டு, ஒட்டின் நடுவில் இறுகாத புள்ளியாகப் போய் உட்காரும்.

வெயிலுக்கு வருகிறேன். வெப்பம் 10 டிகிரி ஏறினால் வேலை செய்யக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். எபாக்சி தானே சூட்டைக் கக்கும் பொருள், அதிலும் கப்பில் குவிந்து கிடந்தால் அந்தச் சூடு வெளியே போக வழியில்லை. கப்பின் வெளிப்பக்கம் இளஞ்சூடாகும், பிறகு கை வைக்க முடியாது, குமிழ் வரும், புகையும். மே மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். கலந்ததும் அகலமான தட்டில் மெல்லியதாகப் பரப்பிவிடுங்கள், நேரம் நீளும். ஒட்டும் இடத்துக்குத் தார்ப்பாய் நிழல் கட்டுங்கள். மீந்ததை ஓலை, வலை பக்கத்தில் வைக்காமல் வெறும் மணலில் பரப்பி ஆற விடுங்கள்.

ஓட்டை என்றால் அதன் மேல் ஒரு துண்டை ஒட்டுவது வேலைக்காகாது. விளிம்பைச் சாய்வாகத் தேய்த்து இறக்க வேண்டும். படகுச் சுவர் 6 மில்லிமீட்டர் கனம் என்றால் சாய்வு ஓட்டையைச் சுற்றி 7 சென்டிமீட்டருக்காவது போகட்டும், அதாவது கனத்தைப்போல 12 மடங்கு. பார்க்கிறவர்கள் "ஏன் இவ்ளோ பெருசா நோண்டற?" என்பார்கள். பாரம் தாங்குவது அந்தச் சாய்வில்தான். கோடாகப் போன விரிசலுக்கு, இரண்டு முனையிலும் சின்னத் துளை போட்டால் மேற்கொண்டு ஓடாது. பிறகு கோடு முழுக்க 'வி' வடிவில் பிளந்து நிரப்ப வேண்டும். நிரப்புவதற்கு எபாக்சியில் ஏரோசில் (நுண்ணிய சிலிக்கா தூள்) கலந்து, சரிவில் வடியாமல் நிற்கும் பதத்துக்குக் கொண்டு வாருங்கள். உள்பக்கம் கை எட்டினால், பாலித்தீன் சுற்றிய அட்டையை முட்டுக் கொடுங்கள். எபாக்சி பாலித்தீனில் ஒட்டாது, இறுகியதும் உரித்து எடுக்கலாம்.

அடுக்கு வைக்கும்போது வழக்கமான மேட்டை எடுக்காதீர்கள். அதில் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை, பாலியெஸ்டரில் இருக்கும் ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரைகிற மாதிரி செய்தது. எபாக்சியில் ஸ்டைரீன் கிடையாது, மேட் விறைப்பாகவே நிற்கும். நெய்த துணி வாங்குங்கள், கடையில் கிளாத் என்றாலே கொடுப்பார்கள். பெரிய துண்டை முதலில் வைத்து, மேலே போகப் போகச் சின்னதாக வைப்பேன். கடைசியில் மேலே தேய்த்து மட்டம் செய்யும்போது பெரிய துண்டு அறுபடாமல் அடியில் பத்திரமாக இருக்கும். அணியத்துக்குள் (படகின் முன்பகுதி) மிதப்புக்காகத் தெர்மாகோல் அடைத்த படகா? அப்படியானால் எபாக்சியைத் தவிர வேறு எதையும் உள்ளே விடாதீர்கள். பாலியெஸ்டரின் ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துத் தின்றுவிடும்.

பழைய அடுக்கின்மேல் மறுநாள் இன்னொரு அடுக்கு போடுவதாக இருந்தால் தொட்டுப் பாருங்கள். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில், இறுகிய எபாக்சிமேல் மெழுகுபோல வழவழப்பு வரும். ஹார்ட்னரும் காற்றின் ஈரமும் சேர்ந்து உண்டாவது அது. அசிட்டோன் போட்டால் சரியாகப் போகாது. நல்ல தண்ணீரும் நாரும் போதும். கழுவிக் காய வைத்து, பிறகு எமரி ஷீட் போடுங்கள்.

இதுவரை சொன்னது ஃபைபருக்கு. முழுக்கப் பிளாஸ்டிக்கில் வார்த்த சின்னப் படகுகளும் துடுப்புப் படகுகளும் இப்போது நிறைய வருகின்றன. அவை பெரும்பாலும் பாலிஎத்திலீன். எந்தப் பிளாஸ்டிக் என்று தெரியாவிட்டால், உள் விளிம்பில் மெல்லியதாக ஒரு சீவல் எடுத்து நல்ல தண்ணீரில் போடுங்கள். ஃபைபரும், ஏபிஎஸ் என்ற இன்னொரு வகைப் பிளாஸ்டிக்கும் மூழ்கும், பாலிஎத்திலீன் மிதக்கும். ஏபிஎஸ் என்றால் தேய்த்துத் துடைத்து எபாக்சி போடலாம், நிற்கும். பாலிஎத்திலீனில்தான் சிக்கல். முட்டு அட்டையில் சுற்றிய பாலித்தீனில் எபாக்சி ஏன் ஒட்டவில்லையோ, அதே காரணத்தால் இந்தப் படகிலும் ஒட்டாது. எவ்வளவு கழுவினாலும் தண்ணீர் முத்தாகத்தான் திரளும், ஏனென்றால் இங்கே அழுக்கு காரணமில்லை, அந்தப் பிளாஸ்டிக்கின் குணமே அப்படி.

அதற்கு நெருப்பு வேண்டும். கழுவி, முரட்டு எமரியால் கீறிய பிறகு, கேஸ் டார்ச்சின் நீலச் சுடர் முனை லேசாகப் படும்படி வேகமாக ஓட்டிக்கொண்டே போக வேண்டும். உருகக் கூடாது, பளபளப்பு மாறக் கூடாது. மேற்பரப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து பசைக்குப் பிடி கொடுக்கிற மாதிரி மாறும். தண்ணீர் தெளித்தால் முத்தாகத் திரளாமல் பரவும். உடனே துடைத்துக் காய வைத்து, தாமதிக்காமல் எபாக்சி போடுங்கள். கொஞ்சம் வளைந்து கொடுக்கும் வகை எபாக்சியாக இருந்தால் நல்லது, இந்தப் படகுகள் அலையில் நெளியும். சின்ன ஓட்டைக்கும் குட்டி விரிசலுக்கும் இது போதும். நீளமாகக் கிழிந்திருந்தால் வெப்பக் காற்றுத் துப்பாக்கியால் அதே பிளாஸ்டிக் கம்பியை உருக்கி வெல்டிங் செய்வதுதான் சரி. பழைய குடத்தை வெட்டிக் கம்பியாக்குகிறவர்கள் உண்டு. குடம் பாலிப்ரொப்பிலீனாகவும் இருக்கலாம். அதுவும் மிதக்கும், ஆனால் பாலிஎத்திலீனோடு சேராது. அடியில் முக்கோணக் குறிக்குள் எண் 2 அல்லது 4 (பாலிஎத்திலீன்) பார்த்து எடுங்கள், அப்போதும் ஓரமாக ஒரு சோதனை ஒட்டு போட்டுப் பிய்த்துப் பாருங்கள்.

கடலில் இருக்கும்போது ஓட்டை விழுந்தால் இதில் எதற்கும் நேரமில்லை. ஒரு பாக்கெட் எம்-சீல் மாதிரியான எபாக்சி மாவு படகில் எப்போதும் இருக்கட்டும். இரண்டு துண்டையும் ஒரே நிறமாகும்வரை பிசைந்து, ஓட்டைக்குள் அழுத்தி, இறுகும்வரை மேலே ஒரு ரப்பர் துண்டை வைத்துக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஈரத்திலும் இறுகும். கரை சேர அது போதும். கரைக்கு வந்ததும் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு முறையான வேலையைச் செய்ய வேண்டும்.

உடம்பைப் பற்றி ஒன்று. வெறுங்கையால் எபாக்சி கலக்கும் தம்பிகளைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. ஹார்ட்னர் பட்டுப் பட்டு ஒருநாள் தோல் ஒத்துக்கொள்ளாமல் போனால், அப்புறம் வாசம் பட்டாலே தடிக்கும். பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க அப்படித்தான், தொழிலையே விட வேண்டியிருக்கும். கையுறை போடுங்கள். பட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அசிட்டோனால் தோலைத் துடைக்காதீர்கள், அது உள்ளே இறங்கவே உதவும். கிரைண்டர் ஓடும்போது முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம், பிள்ளைகள் காற்றடிக்கும் பக்கம் நிற்கக் கூடாது. பாலியெஸ்டர் வேலை செய்பவர்கள் வேகம் கூட்டச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றாக ஊற்றவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.

ஒட்டிய இடத்தின்மேல் பெயிண்ட் அடியுங்கள், எபாக்சி வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்பாக உதிரும். ஒரு நாளில் கெட்டியாகிவிடும் என்றாலும் முழு பலம் வர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரம்தான் யாரிடமும் இல்லை. படகு நின்றால் வீட்டில் அடுப்பு நிற்கும், அதனால் மறுநாளே இறக்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. குப்பங்களில் வலை பின்னக் கூடம் கட்டிக் கொடுக்கிறார்கள், நல்லது. அதை ஒட்டி ஒரு படகு நுழையும் அளவுக்குத் தகரக் கூரை, நல்ல தண்ணீர்க் குழாய், கிரைண்டருக்கு ஒரு பிளக் பாயிண்ட் போட்டுத் தர வேண்டும். பனியிலும் மழையிலும் நனையாமல் படகு காய்ந்தாலே காத்திருக்கும் நாட்கள் குறையும். எங்கள் வார்டில் இதைக் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். உங்கள் குப்பத்திலும் கொடுங்கள்.